வீட்டை இழுத்துக்கொண்டு ஒரு யாத்திரை

என் தங்கையின் கணவர் இருபது வருஷமாக இங்கிலாந்தில் இருக்கிறார். கணக்குத் தணிக்கை உத்தியோகம். எதையும் முதலில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு செய்கிற சுபாவம். சென்ற தை மாதம் அவரிடமிருந்து எனக்கு 42 பக்கம் வந்து சேர்ந்தது. கேரவன் ஒன்று வாங்கியிருக்கிறாராம். வருகிற மே மாதம் அதைக் காருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு, மனைவியுடன் கால்வாயைத் தாண்டி ஐரோப்பாவுக்குள் மூன்று வாரம் சுற்றிவரப் போகிறார். அவருக்கு இதுதான் முதல் தடவை. அந்தப் பிரயாணத்துக்கான திட்டந்தான் அந்த 42 பக்கமும். "மச்சான், நீங்கள் எழுதுகிறவர். இதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். புறப்படுமுன் நான் படிக்க வேண்டிய புத்தகம் ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்" என்று கடைசியில் ஒரு வரி.

கேரவன் என்றதும் நம் ஊர் வாசகருக்கு சினிமா நட்சத்திரம் இரண்டு காட்சிகளுக்கு நடுவே போய் உட்காரும் குளிர்சாதன வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது அது அல்ல. இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு சிறு வீடு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் உண்டு. தானாக ஓடும் யந்திரம் மட்டும் கிடையாது. கார் இழுத்த இடத்துக்கு வரும்.

நான் கார் ஓட்டத் தெரியாதவன். திட்டத்தைப் பற்றி நான் என்ன சொல்வது? ஆனாலும் பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தவன் கீழே வைக்கவில்லை. பிரயாண நூல் என்றால் போய்வந்த பிறகு எழுதுவது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். போவதற்கு முன் எழுதுவதும் ஓர் இலக்கிய வகையாகவே இருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. போய்வந்தவன் தான் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள விரும்புவதையெல்லாம் எழுதிவிடுகிறான். போகப்போகிறவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் தன் பயத்தையும் ஆசையையும், வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதையும் தன்னை அறியாமலே எழுதி வைத்துவிடுகிறான்.

முதலில் அந்தத் திட்டத்துக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். அது சிரத்தையுடன் எழுதப்பட்டது. டோவரிலிருந்து கலேக்குக் கப்பலில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ரேம்ஸ், ஸ்ட்ராஸ்பர்க், ஜெர்மனியின் கருங்காடு, ஆஸ்திரியாவில் இன்ஸ்புரூக், 1370 மீட்டர் உயரத்தில் உள்ள பிரென்னர் கணவாய், அதற்கப்பால் இத்தாலியில் கார்டா ஏரி. திரும்பும்போது ஸ்விட்சர்லாந்து வழியாக. ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு பக்கம். ஆஸ்திரியாவின் நெடுஞ்சாலையில் போகக் காருக்கு வரிவில்லை வாங்கினால் போதும், பின்னால் வருகிற கேரவனுக்குத் தனியாக வேண்டாம். ஆனால் பிரென்னர் சாலைக்குத் தனிச் சுங்கம் உண்டு. ஸ்விட்சர்லாந்திலோ காருக்கு ஒன்று, கேரவனுக்கு ஒன்று என்று இரண்டு வில்லை வேண்டும். ஜெர்மனியில் கேரவனை இழுத்துக்கொண்டு போகிறவருக்குச் சாதாரணமாக மணிக்கு 80 கிலோமீட்டர்தான் அனுமதி. விசேஷத் தகுதிச் சான்று வாங்கிய வண்டிகளுக்கு நெடுஞ்சாலையில் 100. பிரிட்டிஷ் வண்டிகளின் பின்புறம் நெடுநாளாக ஒட்டியிருந்த 'ஜி.பி.' என்ற எழுத்துக்கள் 2021 செப்டம்பர் 28 முதல் வெளிநாட்டில் செல்லாது, 'யூ.கே.' என்று மாற்றி ஒட்டவேண்டும். காரின் முன்விளக்குகள் இடப்புறச் சாலைக்கென்று செய்யப்பட்டவை. எதிரே வருகிறவர் கண் கூசாமலிருக்க அவற்றின் மேல் ஒரு பட்டையை ஒட்டவேண்டும். இங்கிலாந்தில் வாங்கிய காஸ் சிலிண்டர் காலியானால் பெரும்பாலும் பிரான்ஸில் அதை மாற்றித் தரமாட்டார்கள். முகாம்களில் மின்சாரம் கிடைக்கும். ஆனால் சில இடங்களில் 6 ஆம்பியர்தான், அதாவது 1380 வாட். அங்கே 2000 வாட் கெட்டிலைப் போட்டால் விளக்கு அணைந்துவிடும்.

இதையெல்லாம் நான் ஆவலோடு படித்தேன். வறட்சி என்று இதைத் தள்ளுகிறவர்களோடு எனக்குச் சம்மதம் இல்லை. வாசல் விஷயம் ஒன்று போதும். இங்கிலாந்தில் வண்டிகள் சாலையின் இடப்புறம் போகின்றன; ஆகையால் அங்கே செய்யும் கேரவனுக்கு வாசல் இடப்பக்கத்தில், நடைபாதையைப் பார்த்து இருக்கும். கடலைத் தாண்டியதும் வலப்புறம் போகவேண்டும். அதே வாசல் இப்போது வண்டிகள் பறக்கும் நடுச் சாலையைப் பார்த்துத் திறக்கும். திட்டத்தில் இதற்கு ஒரே வரிதான்: 'சாலையோரத்தில் நிறுத்தினால் இறங்குமுன் கவனிக்கவும்.' அந்நிய தேசம் என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எந்த யாத்திரை நூலிலும் படித்ததில்லை. வீடு அதே வீடு, வாசல் மட்டும் தப்பான பக்கம்.

ஆனால் படித்துக்கொண்டு போகப் போக எனக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. முதலில் அது என்னவென்று தெரியவில்லை. பிறகு வாக்கியங்களைப் பார்த்தேன். 'சமையல் முடிந்ததும் காஸை மூடவும்.' 'பாத்திரங்கள் கழுவிய தண்ணீர் தனி வாளியில் சேரும்.' 'துணி துவைப்பது ஐந்து நாளைக்கு ஒரு தடவை.' சமையலை முடிப்பது யார்? வாளியை எடுத்துக் கொட்டுவது யார்? இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று படித்திருக்கிறோம். என் தங்கை அந்த 42 பக்கத்திலும் தோன்றா எழுவாயாக இருந்தாள். ஓட்டுவது, பூட்டுவது, சக்கரத்தில் காற்றுப் பார்ப்பது இவற்றுக்கெல்லாம் 'நான்' இருக்கிறது. அடுப்புப் பக்கம் வந்ததும் 'நான்' மறைந்துபோகிறது.

அவள் பெயர் வருவது ஒரே இடத்தில். மாப்பிள்ளை பிரிட்டிஷ் பிரஜை ஆகிவிட்டார்; 180 நாளில் 90 நாள்வரை விசா இல்லாமலே அவர் அங்கே போய்வரலாம். தங்கை இந்தியப் பாஸ்போர்ட்டை விடவில்லை. அவளுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதிக நாள் தங்கும் தேசம் எதுவோ அந்தத் தேசத்தாரிடம் மனுச் செய்யவேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் காட்டவேண்டும். எங்கெங்கே தங்குவது என்பதற்கு அத்தாட்சி காட்டவேண்டும். வீட்டைக் கூடவே இழுத்துக்கொண்டு போகிறவர்கள் தாங்கள் எங்கே தங்கப்போகிறோம் என்று முன்கூட்டி நிரூபிக்க வேண்டியிருக்கிறது! இஷ்டப்பட்ட இடத்தில் நிற்கலாம் என்றுதானே கேரவன் வாங்குகிறார்கள்? அவள் ஒருத்திக்காக முகாம்களையெல்லாம் தேதிவாரியாகப் பதிவு செய்ய நேர்ந்தது என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். அதில் லேசான குறை தொனித்தது. இன்னொன்றும் எழுதியிருந்தார்: பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் பாலும் பாலில் செய்த பண்டமும் கொண்டுபோகக் கூடாது, ஆகவே தயிர், நெய் கிடையாது. உறைமோர் இல்லாமல் தங்கை வீட்டைவிட்டு எங்கும் கிளம்பினதில்லை என்பது எனக்குத் தெரியும்.

படிக்கப் புத்தகம் கேட்டிருந்தாரே என்று யோசித்தபோது முதலில் ஞாபகம் வந்தது 'தி கேரவனர்ஸ்' என்ற ஆங்கில நாவல். 1909-ல் வந்தது. எழுதியவர் எலிஸபெத் வான் ஆர்னிம்; ஆஸ்திரேலியாவில் பிறந்து, ஜெர்மன் பிரபு ஒருவரை மணந்து, பொமரேனியாவில் குடித்தனம் செய்தவர். காதரைன் மான்ஸ்பீல்டுக்கு உறவினர். இந்த நாவலில் பிரயாணம் எதிர்த் திசையில் நடக்கிறது. பிரஷ்யப் பீரங்கிப் படை மேஜர் பாரன் ஓட்டோ வான் ஓட்ரிங்கெல் மனைவி எடெல்கார்டுடன் இங்கிலாந்துக்கு வந்து, குதிரை பூட்டிய கேரவனில் சுற்றுகிறார். கேரவன் வாழ்வைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியமான காரணம், அதில் செலவு குறைவு என்று அவர் கேள்விப்பட்டதுதான். விசேஷம், அவருடைய வெள்ளிவிழாக் கல்யாணம். ஆனால் எடெல்கார்டை மணந்து இருபத்தைந்து வருஷம் ஆகவில்லை. இறந்துபோன முதல் மனைவியோடு வாழ்ந்த வருஷங்களையும் இவளோடு வாழ்ந்த வருஷங்களையும் கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாக வருகிறது. மனைவி யாராக இருந்தால் என்ன, கணவர் ஒருவர்தானே என்பது அவர் நியாயம்.

கதையைச் சொல்வதே பாரன்தான். ஊர் திரும்பியபின் நண்பர்களைக் கூட்டி வைத்து வாசித்துக் காட்டுவதற்காக எழுதுகிறார். ஆகஸ்டு மாதம் முழுக்க மழை. வண்டி சேற்றில் இறங்குகிறது. கூட வந்த இங்கிலீஷ்கார ஆண்கள் தண்ணீர் தூக்குகிறார்கள், உருளைக்கிழங்கு சீவுகிறார்கள். ராணுவ அதிகாரி ஒருவர் செய்யும் காரியமா அது? அவருக்கு ஆத்திரமாக வருகிறது. அதைவிட ஆத்திரம், எடெல்கார்டு நாளுக்கு நாள் மாறுவது. பாவாடையைக் கத்தரித்துக் குட்டையாக்கிக்கொள்கிறாள், கூப்பிட்டால் ஓடிவருவதை நிறுத்துகிறாள், நகைக்கத் தொடங்குகிறாள். அந்நிய மண்ணில் ஏதோ காற்றுப் பட்டுவிட்டது என்று பாரன் நினைக்கிறார். நடந்தது ரொம்பச் சாதாரண விஷயம். ஊரில் பெரிய வீட்டின் சுவர்களுக்குப் பின்னால் நடந்த வேலை இங்கே பத்தடி வண்டியில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நடக்கிறது. யார் செய்கிறார்கள், யார் செய்யவில்லை என்பது மறைவதற்கு இடமில்லை.

இந்த நாவலை மகத்தானது என்று நான் சொல்லமாட்டேன். ஒரே ஹாஸ்யத்தை வைத்துக்கொண்டு ஒரு முழுப் புத்தகம் ஓடுகிறது. பாரன் வாயைத் திறக்குமுன்பே அவர் என்ன அசட்டுத்தனம் சொல்லப்போகிறார் என்பது வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆசிரியை அவர்மேல் கொஞ்சமாவது இரக்கப்பட்டு, ஒரு ராத்திரியாவது அவருக்குத் தன்மேலேயே சந்தேகம் வரும்படி விட்டிருந்தால் அவர் கேலிச் சித்திரமாக நிற்காமல் மனிதனாகியிருப்பார். ஆனாலும் கேரவன் வாங்குகிற ஒவ்வொரு கணவனுக்கும், இணைப்புக் கொக்கியையும் கண்ணாடியையும்போல, இந்தப் புத்தகத்தையும் சேர்த்து விற்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வேலைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனால் இந்தச் சிக்கல் இல்லை என்று பாரன் சொல்லக்கூடும். அப்படிப் போனவர்களும் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் ரூஸெல் பெரிய பணக்காரர். 1925-ல் 9 மீட்டர் நீளத்துக்கு ஒரு மோட்டார் வீடு கட்டுவித்தார். உட்காரும் அறை, படுக்கையறை, எழுதும் அறை, குளியலறை, ஆட்கள் படுக்க இடம். அதில் ரோமாபுரிவரை போய்வந்தார். இவ்வளவு சுற்றியும், எந்தப் பிரயாணத்திலிருந்தும் தம் புத்தகங்களுக்கு ஒன்றையும் எடுத்துக்கொண்டதில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்; அவர் இறந்த பின் 1935-ல் வந்த நூலில் அது இருக்கிறது. ரூஸெலின் மேதையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் வீடு ஊருக்கு ஊர் போயிற்றே தவிர அவர் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. அவருக்கு நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்பே, 1880-ல், ஜூல்ஸ் வெர்ன் நம் தேசத்திலேயே இப்படி ஒரு வீட்டை ஓட்டியிருக்கிறார். இரும்பில் செய்த நீராவி யானை ஒன்று இரண்டு வண்டி வீடுகளைக் கல்கத்தாவிலிருந்து வடக்கே இழுத்துக்கொண்டு போகிறது. வெர்ன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அந்த யானையைச் சின்ன வயதில் படித்தபோது இருந்த மயக்கம் இப்போது இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஓடுவது வரைபடந்தான், மனிதர்கள் வாழும் ஊர் இல்லை.

இவர்களையெல்லாம் தாண்டி நான் மாப்பிள்ளைக்கு எழுதிய பெயர் ஒன்று உண்டு. ஹூலியோ கொர்த்தஸாரும் அவர் மனைவி கரோல் டன்லப்பும் சேர்ந்து எழுதிய ஸ்பானிஷ் நூல், 1983-ல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் ஆன் மக்லீன் 2007-ல் மொழிபெயர்த்தார். 'ஆட்டோநாட்ஸ் ஆப் தி காஸ்மோரூட்' என்று பெயர். விண்வெளி வீரர்களின் பெயரைத் திருகி வேடிக்கையாக வைத்தது.

கொர்த்தஸார் அர்ஜென்டைனக்காரர். 1914-ல் பிரஸ்ஸல்ஸில் பிறந்து, 1951 முதல் பாரிஸில் வாழ்ந்தவர். அவரிடம் சிவப்பு நிற வோல்க்ஸ்வாகன் வண்டி ஒன்று இருந்தது. உள்ளே படுத்து எழக்கூடியது. இழுக்கும் கேரவன் அல்ல, தானே ஓடுவது. பழைய ஜெர்மானியக் கதையில் வரும் பூதநாகத்தின் பெயரால் அதை ஃபாஃப்னர் என்று அழைத்தார்கள். பாரிஸிலிருந்து மார்ஸேய்க்கு நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 800 கிலோமீட்டர். ஒரே பகலில் போய்விடலாம். இவர்கள் 1982 மே 23-ம் தேதி புறப்பட்டு ஜூன் 23-ம் தேதி போய்ச் சேர்ந்தார்கள்.

வண்டி கெட்டுப்போய்த் தாமதமாகவில்லை. திட்டமே அப்படி. மொத்தத்தில் நாலைந்து விதிகள். நெடுஞ்சாலையை விட்டு ஒரு தடவைகூட வெளியேறக் கூடாது. வழியில் உள்ள ஓய்விடம் ஒவ்வொன்றிலும் நிற்கவேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு. இரண்டாவதில் இரவு தங்கவேண்டும். ஒவ்வோர் ஓய்விடத்தையும் பழைய கடல் யாத்திரிகர்கள் புதிய தீவை ஆராய்ந்ததுபோல ஆராய்ந்து குறிப்பு எழுதவேண்டும். பிறகு புத்தகமாக்கவேண்டும். மாப்பிள்ளையின் 42 பக்கத்துக்கும் இந்த நாலு விதிக்கும் உள்ள வித்தியாசந்தான் நான் சொல்ல வந்த விஷயம். அவர் திட்டம் இடங்களின் பட்டியல். இவர்களுடையது, இருவர் எப்படி வாழ்வது என்பதற்கான ஏற்பாடு. எதைப் பார்ப்பது என்று அவர்கள் தீர்மானிக்கவில்லை. எவ்வளவு மெதுவாகப் பார்ப்பது என்று மட்டும் தீர்மானித்தார்கள்.

புறப்படுமுன் நெடுஞ்சாலைக் கம்பெனிக்கு அனுமதி கேட்டு எழுதிய கடிதம் புத்தகத்தில் இருக்கிறது. பதில் வரவில்லை. பிறகு நாட்குறிப்பு வருகிறது: எத்தனை மணிக்கு எழுந்தார்கள், காலையில் என்ன சாப்பிட்டார்கள், ஃபாஃப்னர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று. கப்பல் தலைவன் எழுதும் அதே கம்பீரத்துடன் குப்பைத் தொட்டியையும் நிழல் மரத்தையும் பதிவு செய்கிறார்கள். மடக்கு நாற்காலிகள் இரண்டுக்கும் பூப்போட்ட துணி, பார்க்கச் சகிக்காது. அவற்றுக்கு ஒரு பட்டப் பெயர். மற்றவர்கள் பதினைந்து நிமிஷம் நின்று, ரொட்டியைத் தின்றுவிட்டு, குழந்தைகளை அதட்டி ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். இவர்கள் அங்கேயே தட்டெழுத்து யந்திரத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். நாம் இவ்வளவு காலம் 'வழி' என்று அலட்சியமாகக் கடந்துபோனது ஒரு தேசம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவருகிறது.

இதே சாலையைப் பற்றிக் கொர்த்தஸார் ஏற்கனவே ஒரு கதை எழுதியிருந்தார். 1966-ல் வந்த தொகுதியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பாரிஸ் திரும்பும் கார்கள் நெரிசலில் நின்றுவிடுகின்றன. மணிகள் நாட்களாகின்றன, பருவங்கள் மாறுகின்றன. சிக்கியவர்கள் பெயரால் அல்லாமல் கார்களின் பெயரால் ஒருவரையொருவர் அறிந்து, உணவைப் பங்கிட்டுக்கொண்டு, ஒரு சிறு சமூகமாகிறார்கள். திடீரென்று கார்கள் நகர, யாரை யாரும் மறுபடி பார்க்க முடியாமல் பிரிந்துபோகிறார்கள். சிறுகதை என்ற முறையில் அதுதான் உயர்ந்தது. பிரயாண நூலைவிடச் செட்டானது. ஆனால் அந்தக் கதையில் மனிதர்களை நிறுத்தி வைத்தது விபத்து. பதினாறு வருஷத்துக்குப் பிறகு அதே எழுத்தாளர் அதே சாலையில் தாமாகவே நிற்கிறார். தம் கதைக்கே அவர் எழுதிய விமர்சனம் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

நூலில் குறைகள் உண்டு. நடுநடுவே ஒரு தாய் மகனுக்கு எழுதுவதாகக் கற்பனைக் கடிதங்கள் வருகின்றன. எனக்கு அவை வேண்டியிருக்கவில்லை. விளையாட்டு சில இடங்களில் விளையாட்டுக்காகவே நடக்கிறது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் வைத்துக்கொண்ட செல்லப் பெயர்கள், ஓநாய் என்றும் கரடிக்குட்டி என்றும், மூன்றாம் மனிதனுக்குக் கொஞ்சம் கூச்சத்தைத் தருகின்றன. ஆனால் இரண்டு பேர் எழுதியது என்பதை இந்த நூல் ஒரு பக்கத்திலும் மறக்கவில்லை. அவர் எழுதியது எது, அவள் எழுதியது எது என்று நான் முதலில் தேடிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் அந்தத் தேடலை விட்டுவிட்டேன். ஓவியங்கள்கூட கரோலின் மகனான சிறுவன் வரைந்தவை. இங்கே தோன்றா எழுவாய் என்று யாரும் இல்லை.

இதற்கப்புறம் வருவதைச் சொல்லத் தயங்குகிறேன். ஆனால் சொல்லாமல் இந்த நூலைப் பற்றிப் பேசமுடியாது. பிரயாணம் முடிந்து ஐந்து மாதம் ஆகுமுன், 1982 நவம்பர் 2-ம் தேதி, கரோல் இறந்துவிட்டாள். வயது 36. கடைசிப் பக்கங்களைக் கொர்த்தஸார் தனியாக எழுதி முடித்தார். 1984 பிப்ரவரியில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

முதல் தடவை படித்து முடித்தபோது நானும் மற்றவர்களைப்போலத்தான் செய்தேன். முடிவைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் படித்து, ஒவ்வொரு காபிக் கோப்பையிலும் மரணத்தைத் தேடினேன். அவர்கள் மெதுவாகப் போனதற்கு அதுதான் காரணம் என்று தீர்மானித்துக்கொண்டேன். அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் பிரயாணத்தை அவர்கள் 1978-லேயே யோசித்திருந்தார்கள்; சௌகரியப்படாமல் தள்ளிப்போயிற்று. விதிகளை வகுத்தபோது அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தைத் துக்கத்துக்கு முன்னுரையாக்கினால் நூலில் பாதியை நாம் பிடுங்கிக்கொண்டுவிடுகிறோம். காலையில் எழுந்த நேரம், சாப்பிட்ட பண்டம், வண்டி நின்ற திசை, இவற்றை அவர்கள் எழுதினது இவை முக்கியம் என்று நினைத்ததால்தான். பட்டியல் பட்டியலாகவே நின்று உயர்ந்த இலக்கியமாக முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இது.

இவ்வளவையும் சுருக்கி மாப்பிள்ளைக்கு எழுதினேன். சுங்கவில்லை விவரங்களில் ஒன்றையும் மாற்றவேண்டாம், அந்தப் பக்கங்கள் மிக நன்றாக இருக்கின்றன என்றேன். 'சமையல் முடிந்ததும்' என்று தொடங்கும் வாக்கியங்களுக்கெல்லாம் எழுவாய் போட்டுத் திரும்ப அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி எழுதிவிட்டோமே, மாப்பிள்ளைக்குக் கோபம் வருமே என்று தபாலில் சேர்த்த பிறகு பயமாக இருந்தது. மூன்று வாரம் பதில் இல்லை.

பிறகு வந்த பதில் தங்கையின் கையெழுத்தில் இருந்தது. விசா கிடைத்துவிட்டதாம். இத்தாலியில் அதிக நாள் என்பதால் இத்தாலிக்காரர்களிடந்தான் மனுச் செய்தார்களாம். கருங்காட்டில் இரண்டு நாள், இன்ஸ்புரூக்கில் ஒரு நாள் என்று இருந்ததை அவள் அடித்துவிட்டு, கார்டா ஏரிக்கரையில் ஒரே முகாமில் பன்னிரண்டு நாள் என்று மாற்றியிருக்கிறாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவர் சமையல். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். கழிவுப் பெட்டி எப்போதும் அவர் பொறுப்பு. தயிருக்கு அங்கேயே கடையில் வாங்கி உறை ஊற்றிப் பார்ப்பதாக உத்தேசம். 'வண்டியில் ஏற்றக்கூடிய எடைக்கு ஒரு வரம்பு இருக்கிறதாம், அண்ணா. புத்தகம் இரண்டுதான் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். பாரனை அவர் படிக்கட்டும். இன்னொன்று எனக்கு' என்று எழுதியிருந்தாள்.